ஓரம் சீவிய கதைகள்

பகலில் ஆம்பூரில் காலணித் தொழிற்சாலையொன்றின் மேல்தோல் பிரிவிலும், பங்குனி பிறந்தது முதல் ஆடி முடியும் வரையுள்ள இரவுகளில் பாலாற்றங்கரைக் கிராமங்களின் கூத்துக் களரியிலுமாக இருபத்தெட்டு ஆண்டுகளைக் கழித்துவிட்ட என்னிடம், அண்மையில் என் தமக்கையின் பேரன் தன் கைப்பேசியைக் காட்டி ஒரு சந்தேகம் கேட்டான். ஃபோர்ட்நைட் என்னும் இணைய விளையாட்டில் 2018ஆம் ஆண்டு, மார்வெல் படத்து வில்லனான தானோஸின் கையுறை வானிலிருந்து விழுந்ததாம். அதை எடுத்து அணிந்தவன் தானோஸாகவே மாறிவிடுவானாம். 2021இல் கென்ஷின் இம்பாக்ட் என்னும் விளையாட்டுக்குள் வேறொரு விளையாட்டின் நாயகியான ஏலோய் பிரவேசித்தாளாம். ஆனால் அவளுக்கென்று அவ்வுலகில் கதை எதுவும் அமைக்கப்படவில்லையாம். “இதெல்லாம் பொருந்துதா, தாத்தா?” என்றான்.

என் தொழிலின் பிரதானமான கேள்வியை அவன் அறியாமலே கேட்டுவிட்டான். நாங்கள் ஆடும் பாரதமே இத்தகைய விருந்தாளிகளால் நிறைந்தது. வியாசர் அறியாத அல்லி அரசாணி மதுரையிலிருந்து வந்து அருச்சுனனை மணந்தாள். அவள் பிள்ளை புலேந்திரன் பவளத்தேர் கேட்டு அழுததால், அதைத் தேடிப்போன தகப்பன் பவளக்கொடியைக் கண்டு மயங்கினான். அருச்சுனனின் தீர்த்தயாத்திரை என்றொரு வாசல் மூலத்திலேயே திறந்து கிடந்ததாலும், அவன் சென்ற இடமெல்லாம் மணம் புரிகிறவன் என்பது முன்பே தெரிந்திருந்ததாலும், இவர்கள் வந்ததில் எவருக்கும் வியப்பு உண்டாகவில்லை. செஞ்சிப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் போத்துராஜாவோடு முத்தால் இராவுத்தர் என்ற இஸ்லாமியரும் காவல் தெய்வமாக நிற்கிறார். யுகக் கணக்குப் பார்த்தால் இது நடவாத காரியம். ஆனால் இந்துவும் இஸ்லாமியரும் ஒரே மேசையில் அமர்ந்து தோல் தைக்கும் எங்கள் ஊரில் இதைச் சொன்னால், அம்மனுக்குக் காவலுக்கு ஆள் வேண்டியிருந்தது, வந்தார் என்று கேட்டுக்கொள்கிறார்கள்.

எல்லாவற்றினும் நான் மதிப்பது கர்ண மோட்சத்துப் பொன்னுருவியைத்தான். குலம் தெரியாதவன் என்று கணவனை ஆண்டுக்கணக்காக இகழ்ந்தவள், அவன் போருக்கு விடைபெற வரும் இரவில் மனம் உடைந்து அழும்போது, அந்த அழுகை முழுவதும் கர்ணனின் மரணத்தில்தான் போய்ச் சேருகிறது. அவளுக்கென்று ஒரு வெற்றியையோ ஒரு முடிவையோ அவள் எடுத்துச் செல்வதில்லை. அந்த வேஷத்தை ஒன்பது ஆண்டுகள் கட்டியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: பொன்னுருவி வராத இரவுகளில் கர்ணன் இறந்தபோது, சபையில் அழுகுரல் குறைவாகவே கேட்டது.

இதை அறிந்திருந்தும் நானே ஒருமுறை தவறினேன். ஒரு கிராமத்து இளைஞர்களின் விருப்பத்துக்கு இணங்கி, அப்போது பிரபலமாயிருந்த திரைப்படக் கதாநாயகன் ஒருவனைக் கண்ணனின் நண்பனாகப் பதினெட்டாம் போரில் நுழைத்தேன். அவன் பேசினான், பகைவரை வீழ்த்தினான், பெரும் ஆரவாரம் எழுந்தது. விடிந்தபின் படுகளத்தில், துரியோதனனின் மண் உருவத்தருகே திரௌபதி கூந்தல் முடிக்க வந்தபோது கூட்டத்தில் பாதி கலைந்து போயிருந்தது. நின்றிருந்தவர்களும் கதாநாயகனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். சபதம் நிறைவேறும் அந்தக் கணத்தில் அவளைத் தனியே நிற்கவிட்டது இன்றும் என் நெஞ்சை அறுக்கிறது.

தொழிற்சாலையில் இரண்டு தோல்களை இணைக்குமுன் அவற்றின் ஓரங்களை மெலிதாகச் சீவுவோம். ஸ்கைவிங் என்பது அந்த வேலையின் பெயர். சீவாமல் ஒன்றன்மேல் ஒன்றை வைத்துத் தைத்தால், எவ்வளவு உயர்ந்த தோலாயினும் தையலிடத்தில் மேடு தட்டி, அணிபவரின் காலை உறுத்தும். இரண்டு ஓரங்களையுமே சீவ வேண்டும் என்பது இதில் கவனிக்க வேண்டிய விசேஷம். வருகிற கதை தன் வீறாப்பைக் குறைத்துக்கொண்டால் போதாது, இருக்கிற கதையும் சற்றே மெலிந்து இடம் விடவேண்டும். விழுந்து கிடக்கும் ஆயுதத்தை எடுத்துப் போரிடுவதே ஃபோர்ட்நைட்டின் விதியாகையால், அந்தக் கையுறை ஓரம் சீவியே வந்ததென்பது என் அபிப்பிராயம். ஏலோயைப் பற்றி எனக்கு அவ்வளவு திருப்தியில்லை.

பேரனுக்கு இதை வாயால் விளக்காமல், வீட்டிலிருந்த இரு துண்டுத் தோலின் ஓரங்களைச் சீவி, பசையிட்டு ஒட்டி, கண்ணை மூடி இணைப்பைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். அவன் விரல் ஓரிடத்தில் சற்றுத் தயங்கியது. பிறகு கடந்து போய்விட்டது.