லண்டனில் ஓட்டு, சிறுசேரியில் வேட்டு!

2016 ஜூன் 24, வெள்ளிக்கிழமை. காலை மணி 9.10. பழைய மகாபலிபுரம் சாலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாக சிறுசேரி சிப்காட்டுக்குள் திரும்பும் நேரம். லண்டனில் அப்போது விடியற்காலை 4.40. ஐரோப்பிய யூனியனை விட்டு வெளியேற பிரிட்டன் மக்கள் முடிவு செய்துவிட்டார்கள் என்று பிபிசி அறிவித்தது. வெளியேற 51.9 சதவீதம், இருக்க 48.1 சதவீதம். ஐந்து நிமிடத்தில் மும்பை பங்குச்சந்தை திறந்தது. சென்செக்ஸ் ஒரு கட்டத்தில் 1000 புள்ளிக்கு மேல் விழுந்து, மாலையில் 605 புள்ளி நஷ்டத்தில் முடிந்தது.

எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி யாரோ போட்ட ஓட்டுக்கு இங்கே ஏன் வயிற்றைக் கலக்க வேண்டும்? காரணம் ரொம்ப எளிது. இந்திய ஐடி துறையின் ஏற்றுமதி வருமானத்தில் அப்போது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு பிரிட்டனிலிருந்து வந்துகொண்டிருந்தது. அமெரிக்காவுக்கு அடுத்த பெரிய வாடிக்கையாளர். ‘யூகே ஷிஃப்ட்’ என்று மதியம் வந்து இரவு வீடு திரும்புகிறவர்கள் பார்ப்பது ஏதோ ஒரு லண்டன் வங்கியின் கணக்கையோ, இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பாலிசியையோதான். அந்தக் கம்பெனி தும்மினால் படூர், கேளம்பாக்கம் பக்கத்துக் கல்லூரிகளில் கேம்பஸ் இண்டர்வியூவுக்குக் காத்திருப்பவனுக்கு ஜலதோஷம் பிடிக்கும்.

சரி, ஒரு நாடு பொதுச் சந்தையை விட்டு வெளியேறினால் உண்மையில் என்னதான் ஆகிறது? வரி ஏறும், விலை ஏறும் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் பதில். பிரிட்டன் கதையைக் கொஞ்சம் உன்னிப்பாகப் பார்த்தால் வேறொரு பதில் கிடைக்கிறது.

ஜிஎஸ்டி ரிவர்ஸில்

2017 ஜூலைக்கு முன் வாளையார் செக்போஸ்ட்டைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு போகும் லாரிகள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும். ஒரே நாடுதான். ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் வரி வேறு, படிவம் வேறு. ஜிஎஸ்டி வந்ததும் அந்த வரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன.

ஐரோப்பிய யூனியன் இதையே நாடுகளுக்கு இடையே, இன்னும் ஆழமாகச் செய்திருந்தது. 1993-ல் வந்த ஒற்றைச் சந்தையில் சரக்கு, சேவை, பணம், ஆள் ஆகிய நான்கும் எல்லை தாண்டித் தடையில்லாமல் போகலாம். லண்டனில் லைசென்ஸ் வாங்கிய வங்கி பாரிஸிலும் தொழில் செய்யலாம். ஸ்காட்லாந்தில் பிடித்த மீன் மறுநாள் பிரான்ஸ் சந்தையில் விற்கலாம். ஜிஎஸ்டி வந்த கதையை அப்படியே ரிவர்ஸில் ஓட்டிப் பாருங்கள், அதுதான் பிரெக்ஸிட்.

முதல் அடி: பவுண்டு

வாக்கெடுப்பு முடிவு வந்த சில மணி நேரத்தில் 1.50 டாலரில் இருந்த பவுண்டு 1.32-க்கு விழுந்தது. 1985-க்குப் பிறகு அவ்வளவு கீழே அது போனதில்லை. ரூபாய்க் கணக்கில் 100-க்கு அருகில் இருந்த பவுண்டு, 2017 ஜனவரியில் 83 பக்கம் வந்து நின்றது.

உதாரணத்துக்கு, வருஷத்துக்குப் பத்து லட்சம் பவுண்டு வரும் ஒரு புராஜெக்ட் என்று வைத்துக்கொண்டால், பத்து கோடி ரூபாய் எட்டு கோடியே முப்பது லட்சம் ஆகிவிடுகிறது. செய்யும் வேலை அதே. சிறுசேரியில் கொடுக்கும் சம்பளம், கரண்ட் பில், பஸ் செலவு எல்லாம் அதே. ஒரு கோடியே எழுபது லட்சம் மட்டும் காற்றோடு போயிற்று! அந்நியச் செலாவணிக்கு முன்கூட்டியே விலை பேசி வைக்கும் கம்பெனிக்கு இந்த அடி கொஞ்சம் தாமதமாக விழும், அவ்வளவுதான்.

பிரிட்டன்காரர்களும் தப்பவில்லை. இறக்குமதிப் பொருள் எல்லாம் விலை ஏறியது. 2016 நடுவில் அரை சதவீதமாக இருந்த விலைவாசி உயர்வு 2017 நவம்பரில் 3.1 சதவீதம் ஆனது. இதில் வேடிக்கை என்னவென்றால், அப்போது பிரிட்டன் இன்னும் வெளியேறவே இல்லை.

இரண்டாம் அடி: “பார்க்கலாம்”

முடிவானது 2016-ல். முறைப்படி வெளியேறியது 2020 ஜனவரி 31. பழைய விதிகள் முழுசாக முடிவுக்கு வந்தது 2020 டிசம்பர் 31. நடுவே நாலரை வருஷம். நாளைக்கு என்ன சட்டம் என்று தெரியாதபோது எந்த முதலாளி பணத்தை இறக்குவார்? புது ஆலை, புது சாஃப்ட்வேர், புது கிளை எல்லாவற்றுக்கும் ஒரே பதில், “பார்க்கலாம்”.

இந்த “பார்க்கலாம்” எப்படி இந்தியாவை எட்டும் என்பதற்கு ஒரு சம்பவம். ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து, வில்லியம்ஸ் அண்ட் கிளின் என்ற பெயரில் ஒரு தனி வங்கியைப் பிரித்தெடுக்கும் திட்டத்தில் இருந்தது. வாக்கெடுப்பின் அதிர்ச்சியைச் சமாளிக்க இங்கிலாந்து மத்திய வங்கி 2016 ஆகஸ்ட் 4 அன்று வட்டியை 0.25 சதவீதமாகக் குறைத்தது. மறுநாளே ராயல் பேங்க் திட்டத்தைக் கைவிட்டது. செலவும் சிக்கலும் அதிகம், இவ்வளவு குறைந்த வட்டியில் தனி வங்கி கட்டுப்படியாகாது என்பது அது சொன்ன காரணம். அதற்குத் தொழில்நுட்ப வேலை செய்துவந்த இன்போசிஸ், சுமார் 3,000 பேர் அந்த வேலையிலிருந்து விடுவிக்கப்படுவார்கள், அவர்களில் பெரும்பாலோர் இந்தியாவில் இருப்பவர்கள் என்று அறிவித்தது. அந்த அக்டோபரில் தன் வருட வளர்ச்சி எதிர்பார்ப்பை 10.5-12 சதவீதத்திலிருந்து 8-9 சதவீதமாகக் குறைத்துக்கொண்டது.

எல்லாப் பழியையும் பிரெக்ஸிட் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. அதே சமயத்தில் அமெரிக்க விசா கெடுபிடியும், ஆட்டோமேஷனும் சேர்ந்தே வந்தன. ஆனால் ஏற்கெனவே காய்ச்சலில் இருந்தவனுக்கு இது ஒரு மழை.

மூன்றாம் அடி: காகிதம்

2020 டிசம்பர் 24-ல் இரு தரப்பும் ஒரு வர்த்தக ஒப்பந்தத்துக்கு வந்தன. அதன்படி சரக்குக்கு வரி கிடையாது, அளவுக் கட்டுப்பாடும் கிடையாது. அப்படியானால் பிரச்னை தீர்ந்ததா? அதுதான் இல்லை!

வரி பூஜ்யம் என்றாலும், அந்தச் சரக்கு பிரிட்டனில் உருவானதுதான் என்று நிரூபிக்க வேண்டும். சுங்கப் படிவம் வேண்டும். உணவுப் பொருள் என்றால் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். முதலில் சிக்கியது ஸ்காட்லாந்து மீன்காரர்கள். 2021 ஜனவரியில் சான்றிதழுக்குக் காத்திருந்து காத்திருந்து சரக்கு நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. ஜனவரி 18 அன்று லாரிகளை லண்டன் பாராளுமன்றத்துக்கே ஓட்டிவந்து போராட்டம் நடத்தினார்கள். அவர்கள் கஷ்டம் கோவளம் கரையில் ஐஸ் பெட்டியோடு வியாபாரிக்குக் காத்திருப்பவர்களுக்கு நன்றாகவே புரியும். ஃபைல் நகரும் வரை மீன் காத்திருக்காது.

சுங்கப் படிவங்களுக்கு மட்டும் பிரிட்டிஷ் வியாபாரிகளுக்கு வருஷத்துக்கு 750 கோடி பவுண்டு செலவாகும் என்பது அந்நாட்டு வரித்துறையே 2019-ல் போட்ட மதிப்பீடு. பெரிய கம்பெனி இதற்கென்று நாலு பேரை வேலைக்கு வைத்துச் சமாளித்துவிடும். அப்பாவும் மகனும் நடத்தும் கம்பெனி என்ன செய்யும்? ஏற்றுமதியையே நிறுத்திவிடும். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட கணக்குப்படி, புது ஒப்பந்தத்தால் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்வதை நிறுத்திய கம்பெனிகள் சுமார் 16,400. பெரிய கம்பெனிகளுக்குப் பாதிப்பு அநேகமாக இல்லை. நீண்ட காலத்தில் நாட்டின் உற்பத்தித்திறன் 4 சதவீதம் குறையும் என்பது பிரிட்டனின் பட்ஜெட் கண்காணிப்பு அலுவலகத்தின் மதிப்பீடு.

ஆக, வெளியேறுவதன் விலை பெரும்பாலும் வரியில் இல்லை. காத்திருப்பதிலும் காகிதத்திலும் இருக்கிறது. அந்த விலையை அதிகமாகக் கொடுப்பவர் சின்ன ஆள்.

வேலி போட்டால் வேலை

சிறுசேரிக்கு இதில் நஷ்டம் மட்டும்தானா? இல்லை. லண்டன் வங்கிகள் ஐரோப்பாவில் தொழில் செய்ய டப்ளின், பிராங்க்ஃபர்ட், பாரிஸ் என்று புதுக் கிளைக் கம்பெனிகள் திறக்க வேண்டியிருந்தது. புதுக் கம்பெனி என்றால் வாடிக்கையாளர் கணக்கை எல்லாம் மாற்ற வேண்டும், தனி ரிப்போர்ட் வேண்டும், தனி டெஸ்டிங் வேண்டும். ஒரே தகவல் பாதுகாப்புச் சட்டம் இருந்த இடத்தில் இப்போது பிரிட்டனுக்கு ஒன்று, ஐரோப்பாவுக்கு ஒன்று. இதெல்லாம் யாரோ உட்கார்ந்து கோட் எழுத வேண்டிய வேலைதானே? ஊர் நடுவே வேலி போட்டால், வேலிக்கு கேட் செய்யும் பட்டறைக்காரருக்குப் பிழைப்பு!

ஆனால் பட்டறைக்காரர் ரொம்பச் சந்தோஷப்படக் கூடாது. இது புதிதாக ஒரு பொருளை உருவாக்கும் வேலை இல்லை. நேற்று வரை தானாக நடந்ததை இன்று கஷ்டப்பட்டு நடத்தும் வேலை. வாடிக்கையாளர் இளைத்துப்போனால் பட்டறையும் ஒரு நாள் இளைக்கும்.

விசா கதையும் இதே மாதிரிதான். ஐரோப்பியர்கள் தாராளமாக வந்து வேலை செய்யும் உரிமை 2020-உடன் முடிந்ததும், இந்தியர்களுக்கு வாசல் அகலமானது. 2021 ஜூலை முதல், அங்கே பட்டம் முடித்தவர்கள் இரண்டு வருஷம் தங்கி வேலை பார்க்க விசா வந்தது. நர்ஸ்கள், ஐடிக்காரர்கள், மாணவர்கள் கூட்டமாகப் போனார்கள். குடியேற்றத்தைக் குறைக்கத்தான் வெளியேறினார்கள், அதுவோ வருஷத்துக்கு 9 லட்சத்தைத் தாண்டியது! உடனே கதவு சாத்தத் தொடங்கியது. 2024 ஜனவரி முதல் பெரும்பாலான மாணவர்கள் குடும்பத்தை அழைத்துப்போக முடியாது. அந்த ஏப்ரலில் திறன்பணி விசாவுக்கான குறைந்தபட்சச் சம்பளம் 26,200 பவுண்டிலிருந்து 38,700-க்கு ஏறியது. கடன் வாங்கிப் பிள்ளையை அனுப்பிய வீடுகளுக்கு இது சாதாரண அடி இல்லை. ஐரோப்பியனுக்கு இருந்தது ஒப்பந்த உரிமை. இந்தியனுக்குக் கிடைத்தது அரசாங்க உத்தரவு. உத்தரவு ஒரு பேனா முனையில் மாறும்.

திருப்பூருக்கு ஒரு கதவு

1973-ல் பிரிட்டன் பொதுச் சந்தையில் சேர்ந்தபோது, காமன்வெல்த் நாடு என்று இந்தியச் சரக்குக்குக் கிடைத்துவந்த வரிச் சலுகைகள் படிப்படியாகப் போயின. உள்ளே இருந்தவரை பிரிட்டனால் தனியாக இந்தியாவோடு ஒப்பந்தம் போடவும் முடியாது. வெளியே வந்த பிறகு 2022 ஜனவரியில் பேச்சு தொடங்கி, 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தானது. திருப்பூர் பனியனுக்கு அங்கே 9.6 சதவீதம் வரை வரி இருந்தது, பங்களாதேஷ் சரக்குக்கோ பூஜ்யம். அந்த வித்தியாசத்தை இந்த ஒப்பந்தம் நீக்குகிறது. பிரிட்டனுக்குத் தற்காலிகமாக அனுப்பப்படும் ஊழியர்கள் குறிப்பிட்ட காலத்துக்கு அங்கே சமூகப் பாதுகாப்புச் சந்தா கட்ட வேண்டாம் என்ற ஏற்பாடும் கூடவே வந்தது. ஆன்சைட் போகிற சிறுசேரிக்காரருக்கு இது நேரடி லாபம்.

ஆனால் கணக்கு சமமாகிவிட்டதா என்றால் இல்லை. பிரிட்டனுக்குப் பக்கத்து வீட்டுச் சந்தையில் போனதை எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளிக் கிடைக்கும் சந்தை ஈடுகட்டாது என்று அவர்கள் கணக்கே சொல்கிறது. கூட்டை விட்டு வெளியேறுவது ஒரு நாட்டு மக்களின் உரிமை, அதில் யாரும் தலையிட முடியாது. ஆனால் ஓட்டுச் சீட்டில் இருந்தது இரண்டே கட்டங்கள், விலைப் பட்டியல் அதில் இல்லை. பில் ஒன்பது பத்து வருஷமாக, தவணை தவணையாக, ஓட்டே போடாதவர்கள் வீட்டுக்கும் வந்துகொண்டிருக்கிறது.

கொசுறு: ‘டாட் ஈயூ’ என்று முடியும் இணைய முகவரியை ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருப்பவர்களும், ஐரோப்பிய யூனியன் குடிமக்களும்தான் வைத்துக்கொள்ளலாம். 2021 ஜனவரி 1 அன்று பிரிட்டன்காரர்களின் சுமார் 80,000 முகவரிகள் ஒரே நாளில் முடக்கப்பட்டன. வெளியேறினால் வெப்சைட்டும் போகும்!