மரியோவைத் தெரியும்... மியாமோட்டோவைத் தெரியுமா?

ஒரு சின்ன டெஸ்ட். பயப்படாதீங்க, இன்டர்னல் மார்க்கெல்லாம் கிடையாது!

சிவப்புத் தொப்பி, பெரிய மீசை... குழாய்க்குள்ளே புகுந்து, காளானைத் தின்னு வளர்ற அந்த மனுஷன் யாரு? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் 'மரியோ'ன்னு சொல்வீங்க. சரி, அந்த மரியோவைப் படைச்சது யாரு?

எங்க ஹாஸ்டல்ல பன்னிரண்டு பேர்கிட்ட இதைக் கேட்டேன். 'யாரோ ஜப்பான்காரன்', 'நிண்டெண்டோ கம்பெனி', 'சைனா செட்டுடா அது'... இப்படித்தான் பதில் வந்துச்சு. ஷிகெரு மியாமோட்டோங்கிற பேரைச் சொன்னது ஒரே ஒருத்தன். அவனும் மேஜைக்கு அடியில செல்போனைப் பார்த்துத்தான் சொன்னான்!

இத்தனைக்கும் அந்த மீசைக்குப் பின்னாடி ஒரு செம கதை இருக்கு. 1981-ல் 'டாங்கி காங்' கேமுக்காக மியாமோட்டோ இந்த உருவத்தை வரைஞ்சப்போ, கையில் இருந்தது சில புள்ளிகள்தான். அதுல மூக்கு, வாய் எல்லாம் தெளிவா வராது. அதனால மீசை வெச்சார். தலைமுடி வரையறது கஷ்டம், தொப்பி மாட்டிட்டார். ஆக, அழகுக்காக வெச்ச மீசை இல்லை பாஸ் அது, இன்ஜினீயரிங்!

இதே பசங்ககிட்ட ஒரு சினிமா பேரைச் சொல்லிப் பாருங்க. டைரக்டர், மியூசிக், கேமரா, எடிட்டிங்ல ஆரம்பிச்சு ஃபைட் மாஸ்டர் வரைக்கும் மூச்சுவிடாம ஒப்பிப்பாங்க. கேம்னு வந்தா மட்டும் பெட்டியோட பேரோட நின்னுடறோம். ஏன்?

பெட்டின்னதும் ஞாபகம் வருது. எங்க ஹாஸ்டல்ல ரெண்டு கட்சி. ஒண்ணு பிளேஸ்டேஷன் கட்சி, இன்னொண்ணு எக்ஸ்பாக்ஸ் கட்சி. மெஸ்ஸில் தோசை ஆறிப்போற அளவுக்குச் சண்டை நடக்கும். இதுல காமெடி என்னன்னா, ரெண்டு கட்சியிலயும் சொந்தமா கன்சோல் வெச்சிருக்கிறவன் ஒருத்தன்கூட இல்லை! இன்னொரு காமெடி... 2020 நவம்பர்ல வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ரெண்டுக்கும் மூளையா இருக்கிற சிப், ஏஎம்டிங்கிற ஒரே கம்பெனியோடதுதான். பிளேஸ்டேஷன் 5-க்கு லீட் ஆர்க்கிடெக்ட் மார்க் செர்னி. பதினேழு வயசுல அடாரி கம்பெனியில் கேம் செய்ய வேலைக்குச் சேர்ந்தவர். அந்தச் சண்டையில அவர் பேரை ஒருத்தனும் இழுத்து நான் கேட்டதில்லை.

நம்ம மேல மட்டும் தப்பு சொல்லவும் முடியாது. செஞ்சவன் பேரை மறைக்கிற வேலையை ஆரம்பத்திலேயே கம்பெனிகளே செஞ்சிருக்கு.

1977-ல் அடாரி 2600 கன்சோல் வந்தது. அதோட ரேம் எவ்வளவு தெரியுமா? 128 பைட். கிலோபைட்கூட இல்லை, வெறும் பைட்! அந்த இடுக்குக்குள்ள ஒரு கேமை அடைக்கிறதுன்னா, தீப்பெட்டிக்குள்ள புடவையை மடிச்சு வைக்கிற மாதிரி. அதை ஒவ்வொரு புரோகிராமரும் பெரும்பாலும் தனி ஆளாவே செஞ்சாங்க. ஆனா, பெட்டியில் அடாரி பேர் மட்டும்தான் இருக்கும்.

வாரன் ராபினெட்ங்கிற புரோகிராமருக்கு இது பொறுக்கலை. 'அட்வென்ச்சர்'னு ஒரு கேம் பண்ணிட்டிருந்தவர், யாருக்கும் சொல்லாம அதுக்குள்ள ஒரு ரகசிய அறையைக் கட்டினார். பின்னணி நிறத்திலேயே இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத ஒரே ஒரு புள்ளியைக் கண்டுபிடிச்சு எடுத்துட்டுப் போனாத்தான் அந்த அறைக்குள்ள நுழைய முடியும். உள்ளே போனா, 'இதைப் படைத்தது வாரன் ராபினெட்'ங்கிற வரி பளபளக்கும்! கம்பெனியைவிட்டு அவர் போன பிறகு, கேம் விளையாடின ஒரு பையன் அதைக் கண்டுபிடிச்சுக் கடிதம் போட்டான். அப்புறம்தான் அடாரிக்கே விஷயம் தெரிஞ்சது. கேமுக்குள்ள ஒளிச்சு வைக்கிற சமாசாரத்துக்கு 'ஈஸ்டர் எக்'ங்கிற பேர் வந்ததும் அதிலிருந்துதான்.

அதே அடாரியில் இன்னொரு கோஷ்டி இருந்தது. டேவிட் கிரேன் உள்பட நாலு புரோகிராமர்கள். தங்களோட கேம்கள்தான் அதிகமா விக்குதுன்னு கணக்கோட போய், பேரும் பங்கும் கேட்டாங்க. 'கேட்ரிட்ஜை அசெம்பிள் பண்றவங்களைவிட நீங்க ஒண்ணும் பெருசில்லை'ங்கிற தொனியில் பதில் வந்ததா கிரேன் பின்னாடி சொல்லியிருக்கார். வெளியே வந்தாங்க. 1979-ல் ஆக்டிவிஷன் பிறந்தது. கேம் கையேட்டில் படைப்பாளி பேரையும் போட்டோவையும் போட்டாங்க. 1982-ல் கிரேன் கொடுத்த 'பிட்ஃபால்' வெறும் 4 கிலோபைட். அதுக்குள்ள 255 காட்சிகள்! நான் செல்போனில் எடுக்கிற ஒரு செல்ஃபி அதைப்போல பல நூறு மடங்கு.

'அதெல்லாம் பழைய கதை மச்சி'ன்னு நினைக்காதீங்க. 2015-ல் 'மெட்டல் கியர் சாலிட் 5' வெளிவர்றதுக்கு முன்னாடி, அட்டையில் இருந்த ஹிடியோ கோஜிமா பேர் காணாமப்போச்சு. அந்தத் தொடரையே உருவாக்கினவர் அவர்தான்! ஆனா கேமுக்குள்ள ஒவ்வொரு மிஷனுக்கும் டைட்டில் கார்டு வெச்சிருந்தார்... அதுல அவர் பேர் வந்துட்டே இருந்துச்சு. 2021-ல் வந்த 'மெட்ராய்ட் ட்ரெட்' கேமில் வேலை செஞ்ச சிலர், தங்கள் பேர் பட்டியல்லயே இல்லைன்னு வெளியே வந்து சொன்னாங்க. மொத்தத் தயாரிப்புக் காலத்தில் 25 சதவிகிதமாவது வேலை செஞ்சிருந்தாத்தான் பேர் வரும்ங்கிறது அந்த ஸ்டூடியோ சொன்ன விளக்கம். அட்டெண்டன்ஸ் ஷார்ட்டேஜ் நமக்கு மட்டும் இல்லை போல!

எனக்கு இதெல்லாம் உறைக்கிறதுக்கு ஒரு காரணம் இருக்கு.

எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு நாங்க நாலு பேர் சேர்ந்து ஒரு கேம் பண்ணினோம். பேர், 'சில்லறை இல்லை'. நீங்கதான் டவுன் பஸ் கண்டக்டர். அடுத்த ஸ்டாப் வர்றதுக்குள்ள எல்லாருக்கும் டிக்கெட் கிழிச்சு, சரியான சில்லறை கொடுத்து முடிக்கணும். 500 ரூபா நோட்டை நீட்டற பெரியவர்தான் வில்லன்! மூணு மாசம் ராத்தூக்கம் போச்சு. சிம்போசியம் நடந்த ரெண்டு நாளும் எங்க ஸ்டால்ல க்யூ நின்னுச்சு. அடுத்த மாசம் கலர் கலரா ஒரு மலர் அச்சாகி வந்தது. அதுல எங்க கேமோட படம். கீழே, 'எங்கள் துறையின் தயாரிப்பு'. அதுக்கும் கீழே பெரியவங்க மூணு பேரோட பேர். எங்க நாலு பேர் பேர்? ம்ஹூம்! போய்க் கேட்டோம். 'துறை பேர் வந்தா உங்க பேர் வந்த மாதிரிதானேப்பா'ன்னு சிரிச்சுட்டே சொன்னாங்க.

'ராபினெட் மாதிரி நாமளும் ரகசிய அறை கட்டுவோம்டா'ன்னு கொதிச்சான் என் ரூம்மேட். எனக்கும் ஆசையாத்தான் இருந்தது. அந்த வாரம் ஊருக்குப் போனப்போ அப்பாகிட்ட இதைச் சொன்னேன். அப்பா கோவையில ஒரு ஒர்க்‌ஷாப்புல டர்னர். இருபத்தஞ்சு வருஷமா லேத்தில் ஷாஃப்ட் கடையறவர். "நீங்க செஞ்ச மோட்டார்ல கம்பெனி பேர்தானேப்பா இருக்கு... உங்களுக்குக் கோபமே வராதா?"ன்னு கேட்டேன்.

"பேரு இல்லாட்டி என்ன கண்ணு? ஒவ்வொரு பீஸ்லயும் என்ற நம்பரைப் பஞ்ச் பண்ணித்தான் அனுப்புவேன். ரிஜெக்ட் ஆச்சுன்னா யாருகிட்ட வரோணும்னு தெரியோணுமில்ல?" என்றார் சாதாரணமாக.

எனக்குச் சுருக்குன்னுச்சு. நாங்க கைத்தட்டல் வாங்கத்தான் பேர் கேட்டோம். அப்பா, திட்டு வாங்கறதுக்காகவும் நம்பர் குத்தறார்!

ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா ஞாபகம்தான் வந்தது. அவரும் அடாரிக்காரர்தான். ஸ்பீல்பெர்க்கோட 'இ.டி.' படத்தை வெச்சு 1982 கிறிஸ்துமஸுக்குள்ள கேம் வேணும்னு சொல்லி, அவருக்குக் கொடுக்கப்பட்டது சுமார் ஐந்து வாரம். ஐந்து வாரத்தில் நம்மால ஒரு மினி புராஜெக்ட் ரெக்கார்டுகூட எழுத முடியாது! முடிச்சுக் கொடுத்தார். கேம் படுத்துடுச்சு. விக்காத கேட்ரிட்ஜ்களை 1983-ல் நியூ மெக்ஸிகோ மாகாணத்தில் ஒரு குப்பை மேட்டில் புதைச்சாங்க. உலகத்திலேயே மோசமான கேம்னு இன்னிக்கும் சிலர் கிண்டல் பண்ணுவாங்க. 2014-ல் அந்த மேட்டைத் தோண்டினப்போ, வார்ஷா ஒளியலை. அங்கேயே நேர்ல வந்து நின்னார். என் லிஸ்ட்ல மியாமோட்டோவுக்குப் பக்கத்து நாற்காலி வார்ஷாவுக்குத்தான்!

பேரே வேணாம்னு ஒதுங்கற படைப்பாளியும் உண்டு. 2024-ல் சீட்டுக்கட்டை வெச்சுக் கலக்கின 'பலாட்ரோ'வைச் செஞ்ச கனடாக்காரர், 'லோக்கல்தங்க்'ங்கிற புனைபெயருக்குப் பின்னாடி இருக்கார். தாராளமா இருக்கட்டும். அது அவரா எடுத்த முடிவு. அடுத்தவங்க அழிச்சா அது வேற!

அடுத்த வருஷம் எங்க செட்டுக்கு பிளேஸ்மென்ட். பாதிப் பேருக்கு மேல பெரிய சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்குத்தான் போவோம். யாரோ ஒரு வெளிநாட்டு பேங்க்குக்கு, எங்கேயோ ஒரு மூலையில் ஓடற கோடு எழுதுவோம். அதுக்கு டைட்டில் கார்டெல்லாம் கிடையாது. ஆனா, அப்பா மாதிரி மனசுக்குள்ள ஒரு நம்பர் குத்திக்கலாம்... 'இது நான் செஞ்சது, தப்பிருந்தா என்கிட்ட வா'ன்னு.

எங்க கேமில் ரகசிய அறை கட்டலை. முதல் திரையிலேயே எங்க நாலு பேர் பேரையும் போட்டாச்சு. கீழே ஒரு வரி... 'சில்லறை குறைந்தால் திட்ட வேண்டிய ஆட்கள் இவர்களே!' லேப்ல ஏத்தி ரெண்டு வாரம் ஆகுது. இதுவரைக்கும் மூணு தப்பு கண்டுபிடிச்சு ஜூனியர்ஸ் எங்களைத் தேடி வந்திருக்காங்க. மூணையும் சரிபண்ணியாச்சு. துறையிலிருந்து இன்னும் யாரும் கூப்பிட்டுக் கேட்கலை. கேட்டா, அதுக்கும் நாலு பேருமே போவோம்.

கடைசியா ஒரு விண்ணப்பம். கேம் முடிஞ்சதும் பேரெல்லாம் மேல ஓடுமே, அப்ப ஸ்கிப் பட்டனைத் தேடாதீங்க. 2018-ல் வந்த 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' முடியறப்போ கொஞ்சம் பொறுமையா உட்காருங்க. பெங்களூரு ஸ்டூடியோவில் உழைச்சவங்க பேரும் அதுல வரும். அமெரிக்க கௌபாய் கதைக்கு நம்ம பக்கத்து ஊர்ல உட்கார்ந்து வேலை செஞ்சவங்க!

அந்தப் பட்டியலில் ஒரே ஒரு பேரையாவது மனப்பாடம் பண்ணுங்க பாஸ். அடுத்த தடவை மெஸ்ஸில் பிளேஸ்டேஷனா, எக்ஸ்பாக்ஸான்னு சண்டை வந்தா, நடுவுல அந்தப் பேரைப் போடுங்க. தோசை ஆறினாலும் பரவாயில்லை!