ஓசைக்கு அஞ்சும் உயிர்

மகிழ்ச்சி வந்தால் மனிதன் ஓசை எழுப்புகிறான். திருமணமாயினும், திருவிழாவாயினும், தேர்தல் வெற்றியாயினும் வெடி முழங்கினாலன்றி அவன் மனம் நிறைவதில்லை. அவ்வோசை நம்மை அண்டி வாழும் வாயில்லா உயிர்களுக்கு எவ்வாறு இருக்கும் என்பதை நான் நெடுங்காலம் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ண வைத்தது ஒரு தெருநாய்.

எங்கள் வீதிப் பிள்ளைகள் அதற்கு மணி என்று பெயரிட்டிருந்தனர். வளர்த்தவர் என்று எவரும் இலர். எல்லார் வீட்டுச் சோற்றையும் உண்டு எல்லார் வாசலையும் காத்தது. நான் இரவில் விடைத்தாள் திருத்தும்போது திண்ணையில் வந்து படுத்துக்கொள்ளும். அந்நியர் காலடி கேட்டால் தவறாது குரைக்கும்.

2011ஆம் ஆண்டு என் தம்பிக்குத் திருமணம் நடந்தது. மணமகன் ஊர்வலம் வீதிக்குள் நுழைந்ததும் உறவினர் சரவெடியைக் கொளுத்தினர். மணி நடுநடுங்கி வீட்டினுள் ஓடிவந்து கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டது. வீடு நிறைய விருந்தினர். “காவல் நாய்க்கா இத்தனை அச்சம்?” என்று சிலர் நகைத்தனர். எனக்கு வெட்கமும் எரிச்சலும் மேலிட்டன. கேட்டுப் பழகினால் அச்சம் தெளிந்துவிடும் என்று கருதி, அதன் கழுத்தில் கயிற்றைக் கட்டி இழுத்துவந்து திண்ணைத் தூணில் பிணைத்தேன். அடுத்த சரம் வெடித்தபோது கயிற்றை அறுத்துக்கொண்டு இருளில் ஓடி மறைந்தது.

மூன்று நாள் அதனைக் காணவில்லை. நான்காம் நாள் விடியலில் வாசற்கதவைத் திறந்தேன். பின்னங்கால் ஒன்றை நொண்டியவாறு, கழுத்தில் அறுந்த கயிறு தொங்க மணி நின்றிருந்தது. என்னைக் கண்டதும் வாலை ஆட்டிற்று.

யானை, பலகாலம் பழகிய பாகனையே கொல்லும். நாயோ, தலைவன் எறிந்த வேல் உடலில் தைத்து நிற்கும்போதும் அவனைக் கண்டு வாலாட்டும் என்பது நாலடியார் காட்டும் உவமை. அதனை ஆண்டுதோறும் மாணவர்க்கு விளக்கி வந்தவன் நான். வேல் எறிந்தவன் யார் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

மணியைக் கால்நடை மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் சொன்னவற்றையும் பின்னர் நானே படித்தறிந்தவற்றையும் ஈண்டுக் குறிப்பிடுதல் பயனுடையது.

மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் அதிர்வு வரையே ஒலியை உணரும். நாயின் செவி ஏறத்தாழ 45,000 ஹெர்ட்ஸ் வரை உணரும். நமக்குக் கேளாத மெல்லோசையும் அதற்குக் கேட்கும். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபல் வரை நம் நாட்டு விதிகள் பட்டாசுக்கு இடமளிக்கின்றன. நமக்கே செவியைப் பொத்தத் தோன்றும் ஓசை அது. மேலும், வெடி எப்போது வெடிக்கும், எதற்காக வெடிக்கிறது, எப்போது ஓயும் என்பவற்றை நாம் அறிவோம். நாய் இவற்றுள் ஒன்றையும் அறியாது.

அச்சம் தானே தெளிந்துவிடும் என்பதும் பிழையான எண்ணம். 1924ஆம் ஆண்டு லெனின்கிராடு நகரில் வெள்ளம் புகுந்தபோது, உருசிய அறிஞர் பாவ்லோவின் ஆய்வுக்கூட நாய்கள் மூழ்கும் நிலையில் மீட்கப்பட்டன. வெள்ளம் வடிந்த பின்னரும், அறையினுள் சிறிதளவு நீர் கசியக் கண்டே அவற்றுள் ஒன்று கலங்கி நடுங்கியது. வெடியோசைக்கு அஞ்சும் நாய்களுள் பலவற்றுக்கும் ஆண்டுக்காண்டு அச்சம் மிகுவதுண்டு.

அவ்வச்சத்தைத் தாங்க நாய் தன்னால் இயன்றதைச் செய்கிறது. இரைக்கும், எச்சில் வடிக்கும், உணவை மறுக்கும், இருண்ட, குறுகிய இடத்தைத் தேடி ஒடுங்கும். கட்டிலின் அடிப்புறம் மணி தனக்குத் தானே தேடிக்கொண்ட மருந்து. அதனை நான் பறித்துவிட்டேன்.

நாம் செய்யத்தக்கவை எளியவை. வெடி தொடங்குமுன் உணவளித்து, உள்ளறையில் பழந்துணி விரித்துச் சன்னல்களை அடைத்துவிடலாம். வானொலியை மிதமாக ஒலிக்கவிடலாம். கட்டி வைத்தலும் அதட்டுதலும் கூடா. அருகிலமர்ந்து தடவிக் கொடுத்தால் அச்சம் வளரும் என்று சிலர் அஞ்சுவர், அவ்வாறு வளர்வதில்லை. பழக்க விரும்புவோர், பல வாரங்களுக்கு முன்பே வெடியோசையின் ஒலிப்பதிவை மிகத் தாழ்வாக ஒலிக்கச் செய்து, விருப்பமான தீனி கொடுத்து, நாய் கலங்காத அளவிலேயே சிறிது சிறிதாக ஓசையை உயர்த்த வேண்டும். அச்சம் கடுமையாயின் கால்நடை மருத்துவரை நாடுக; மனிதருக்குரிய மருந்தைக் கொடுத்தல் தீங்காகும்.

பட்டாசுத் தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் பல என்பதை நான் மறந்தேனல்லேன். சிவகாசி அமைந்த விருதுநகர் மாவட்டத்தில்தான், 2005ஆம் ஆண்டு அஞ்சல்தலையில் இடம்பெற்ற நாயினத்துக்குப் பெயர் தந்த இராசபாளையமும் உள்ளது. வெடியும் நாயும் ஒரே மண்ணில் வாழ வேண்டியவை. 2018ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் வெடி வெடிப்பதற்கு நேர வரம்பு விதித்தது. தமிழக அரசு தீபாவளியன்று காலை 6 முதல் 7 மணி வரையும், இரவு 7 முதல் 8 மணி வரையும் என வகுத்தது. அவ்வரம்பை நாம் மதித்தால், நாயை முன்கூட்டியே உள்ளே அழைத்துக்கொள்ள வழி பிறக்கும். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை அடுத்த சிற்றூர் மக்கள், வலசை வரும் பறவைகள் கலையுமே என்று பட்டாசையே துறந்து வாழ்கின்றனர். ஆண்டிற் சில திங்களே தங்கும் பறவைக்கு அவர்கள் காட்டும் அருளில் ஒரு பங்கையேனும், ஆண்டு முழுதும் நம் வாசலைக் காக்கும் உயிருக்கு நாம் காட்டலாகாதா?

அவ்வாண்டுத் தீபாவளிக்கு முதல் நாள் மாலையே என் புத்தக அறையைத் திறந்து வைத்தேன். மணி வாயிலில் நின்று என் கையைப் பார்த்தது. கயிறு இருக்கிறதோ என்று தேடிற்று போலும். வெறுங்கையை நீட்டினேன். நெடுநேரம் தயங்கி, பின் உள்ளே வந்து மேசைக்கடியில் படுத்தது. அதன் நடுக்கம் முற்றும் நிற்கவில்லை. வெடி ஓயும்வரை நான் அருகிலேயே அமர்ந்திருந்தேன்.

மணி இன்று இல்லை. அந்த அறையின் கதவை இன்றும் தீபாவளி நாள்களில் நான் சாத்துவதில்லை. வீதியின் வேறு நாய்கள் வந்து ஒடுங்குகின்றன. மாணவச் செல்வங்களே, உங்கள் இல்லத்திலும் அத்தகைய கதவொன்று திறந்திருக்கட்டும்.