ஆகாயத்தில் ஒரு மணி, தரையில் நாலரை மணி

இன்றைக்கு ஒரு சின்னக் கணக்கு. சென்னையிலிருந்து பெங்களூருக்கு விமானத்தில் எவ்வளவு நேரம்?

இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே நேர்கோடு போட்டால் சுமார் 270 கி.மீ.தான். ஜெட் விமானம் உயரே போனபின் மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் பறக்கும். வகுத்துப் பார்த்தால் 20 நிமிஷம்! ஆனால் டிக்கெட்டில் ஒரு மணி நேரம் என்று போட்டிருக்கும். ஏன்? இங்கே நிற்குமிடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, அங்கே போய் நிற்கும் வரைக்குமான நேரம் அது. ஓடுபாதைக்கு உருண்டு போவது, வரிசையில் காத்திருப்பது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். இவ்வளவு கிட்டத்து ஊருக்கு முழு வேகத்தில் பறப்பதே கொஞ்ச நேரம்தான்.

சரி, அந்த ஒரு மணியாவது நிஜமா? அது விமானத்தின் நேரம். பயணியின் நேரம் வேறு.

எங்கள் ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் 'எக்ஸ் ஃபேக்டரி' விலை என்பார்கள். ஆலை வாசலில் சரக்கின் விலை. லாரி வாடகை, இன்ஷூரன்ஸ், ஏற்றுகூலி, இறக்குகூலி எல்லாம் சேர்த்தால்தான் வாங்குபவருக்கு அசல் அடக்கம் தெரியும். டிக்கெட்டில் இருப்பது எக்ஸ் ஃபேக்டரி நேரம் :-)

ஸ்ரீபெரும்புதூர்க்காரரின் அடக்கத்தைப் பார்ப்போம். மீனம்பாக்கம் போக ஒரு மணி. முன்கூட்டியே போய்க் காத்திருக்க இரண்டு மணி. விமானம் ஒரு மணி. பெட்டியை எடுத்து வெளியே வர அரை மணி. தேவனஹள்ளியிலிருந்து மெஜஸ்டிக் போக ஒரு மணி (டிராஃபிக் கருணை காட்டினால்). ஆக மொத்தம் ஐந்தரை மணி! நம்மூர் நெடுஞ்சாலையிலேயே பஸ் ஏறினால் ஆறு மணி நேரத்தில் போய்விடலாம். இதில் வேடிக்கை, மேற்கே இருக்கும் ஊருக்குப் போக முதலில் கிழக்கே போகிறோம். அப்புறம் கிட்டத்தட்ட நம்மூர் தலைக்கு மேலேயே பறந்து போகிறோம்.

பெங்களூரில் 2008 மே வரை பயணிகள் விமானங்கள் நகரத்துக்குள் இருக்கும் ஹெச்.ஏ.எல். விமான நிலையத்தில்தான் இறங்கின. பிறகு தேவனஹள்ளிக்கு மாறின. பறக்கும் தூரம் பெரிதாக மாறவில்லை. தரையில்தான் தூரம் நீண்டது.

இதே கணக்கு இப்போது நம் பக்கம் வந்திருக்கிறது. சென்னையின் இரண்டாவது விமான நிலையம் பரந்தூரில் என்று 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள். நமக்கு மேற்கே, பக்கத்திலேயே. வந்தால் நம் கணக்கின் முதல் வரி குறையும். மயிலாப்பூர்க்காரருக்கு அதே வரி நீளும். ஆனால் ஏகனாபுரத்துக்காரருக்கு? வீடு, வயல், ஏரி போகிறதே என்று அவர்கள் அந்த ஆண்டே போராட்டத்தில் இறங்கினார்கள். டிக்கெட்டே வாங்காத ஆளும் இதில் விலை கொடுக்கிறார்.

பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுப்பார்கள்: ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு, ஒரு பக்கம் மட்டும் எழுதினால் கணக்கு டேலி ஆகாது. எனக்கும் அரை மணி மிச்சமானால் சந்தோஷம்தான். அதை ஒரு பக்கம் எழுதும்போது, ஏகனாபுரத்து ஏரியை எதிர்ப் பக்கத்தில் எழுதிக் காட்டச் சொல்லிக் கேட்பதுதான் நியாயம் என்று தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?