ஐந்து முகடுகள்

வத்திராயிருப்பு பேருந்து நிலையம். கிருஷ்ணன்கோவில் வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வண்டி இன்னும் வரவில்லை. எதிர் பெஞ்சில் ஒரு ஆய்வு மாணவி, மடியில் ஒரு தாள். அதில் கோடு ஒன்று ஐந்து முறை ஏறி இறங்குகிறது. பக்கத்தில் பெரியவர், தோள் துண்டில் அப்பியிருக்கிற தவிடு அரிசி ஆலையைச் சொல்லிவிடுகிறது.

"இதுவா தாயி நம்ம உமிச் சாம்பலு?"

"ஆமா பெரியப்பா. சாம்பல்ல முக்காவாசிக்கு மேல சிலிக்காதான். காஸ்டிக் சோடாவுல கரைச்சு, அலுமினியம் சேர்த்து, ஒய் வகை சியோலைட் பண்ணியிருக்கேன். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துல என்.எம்.ஆர். எடுத்து அனுப்பியிருக்காங்க."

சியோலைட்டில் பொருளைவிடத் துளைக்குத்தான் மதிப்பு. இந்த ஒய் வகைத் துளையின் வாய் சுமார் 7.4 ஆங்ஸ்ட்ராம், ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு. துளைச் சுவரில் சிலிக்கான் இருக்கவேண்டிய சில இடங்களில் அலுமினியம் உட்கார்ந்திருக்கும். கச்சா எண்ணெயின் கனத்த பகுதியைப் பெட்ரோலாக உடைக்கும் அமிலத்தன்மை அந்த இடங்களில்தான். எது எங்கே என்று எக்ஸ் கதிரைக் கேட்டால் திணறும். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு எலக்ட்ரான்.

"எக்ஸ்ரே தெருவைக் காட்டும் பெரியப்பா. பக்கத்து வீட்டுல யாருன்னு இந்த என்.எம்.ஆர்.தான் சொல்லும்." பேனா மூடி முதல் முகட்டில் நிற்கிறது. "ஒவ்வொரு சிலிக்கானுக்கும் சுத்தி நாலு வீடு. நாலுலயும் அலுமினியம்னா இந்த முகடு. மூணுல இருந்தா அடுத்தது. ஒண்ணுலயும் இல்லைன்னா கடைசி."

"அஞ்சாவது அது. சரி, அலுமினியம் பக்கத்துல அலுமினியம் இருந்தா?"

"இருக்காது. ஒட்டி உக்காராது."

லோவன்ஸ்டைன் 1954இல் சொன்ன விதி அது. பெரியவர் ஒரே கேள்வியில் வந்து சேர்ந்துவிட்டார்.

அவள் பேனாவைச் சாய்த்துப் பிடித்து விரல்களுக்கிடையே உருட்டிக் காட்டுகிறாள். பொடியின் ஒவ்வொரு துகளும் ஒவ்வொரு பக்கம் பார்த்துக் கிடப்பதால், சும்மா வைத்தால் முகடுகள் ஒன்றில் ஒன்று கலந்து மேடாகிவிடும். பொடியைக் குழாயில் அடைத்து, என்.எம்.ஆர். கருவியின் காந்தப்புலத்துக்கு 54.7 பாகை சாய்த்து வேகமாகச் சுற்றினால் அந்தக் குழப்பம் சராசரியாகி அடங்கும். ஆண்ட்ரூ 1958இலும் லோவ் 1959இலும் காட்டிய வழி. 1980களின் தொடக்கத்தில் எஸ்தோனியாவின் தாலின் நகரில் லிப்மா குழுவினர் அதை சிலிக்கானுக்குப் பயன்படுத்திய பிறகுதான் சியோலைட்காரர்களுக்குக் கண் திறந்தது.

"எம்புட்டு வேகம்? நம்ம மில்லு மோட்டாரு 1440 சுத்து."

"அது நிமிசத்துக்கு. இது நொடிக்குப் பத்தாயிரம்."

"பேரிங் என்னத்துக்கு ஆகும்?"

"காத்துதான் பேரிங். குழாய் நாலு மில்லிமீட்டர் தடிமன், சிர்கோனியாவுல செஞ்சது."

பெரியவர் பேனாவை வாங்கி ஒருமுறை உருட்டிப் பார்க்கிறார். நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை.

இரண்டாவது தாளை எடுக்கும்போது அவள் குரல் இறங்குகிறது. அது அலுமினியத்தின் கணக்கு. தாளின் அளவுகோலில் அறுபதுக்குப் பக்கத்தில் ஓங்கி ஒரு முகடு: சுவரில் ஒழுங்காக இருப்பவை. சைபரில் சின்னதாக ஒன்று: சுவரை விட்டுக் கழன்று துளைக்குள் கிடப்பவை. "சூடு பண்ணும்போது கூடிப்போச்சு. திரும்பப் பண்ணணும். சாம்பல் வேணும் பெரியப்பா. கறுப்பு வேண்டாம், அதுல கரி இருக்கும். ரொம்ப வெந்ததும் வேண்டாம், படிகமாயிட்டா லேசுல கரையாது."

"பாய்லர்ல வர்றது பூரா கறுப்புத்தான். பின்னால குமிச்சுப் போட்டதுல நின்னு எரிஞ்சு வெள்ளையாக் கிடக்கும். ஒரு மூட்டை அள்ளி வைக்கவா?"

"ஒரு கிலோ போதும். அந்தக் குழாய்க்குள்ள போறதே ஒரு சிட்டிகைதான்."

"ஒரு சிட்டிகைக்கா பெங்களூரு வரைக்கும் போன?"

"நான் போகல பெரியப்பா. கூரியர்ல போச்சு."