ஊசிக்காது இரண்டாகத் தெரிந்தவர்

பாப்பா,

நியூரோசர்ஜரி எம்.சி.எச். சீட் கிடைத்துவிட்டது என்று உன் அம்மா போன் செய்தாள். சந்தோஷம். பிரெயின்ஸ்டெம் கேவர்னோமாவை எப்படி எடுப்பது என்று தாத்தாவிடம் கேட்டுச் சொல்லச் சொன்னாயாம். அதை உன் சீஃப் சொல்லித் தருவார். நேவிகேஷன், நரம்பு மானிட்டரிங் என்று எங்களுக்கு இல்லாத கண்ணும் காதும் இப்போது உங்களுக்கு உண்டு. நான் ஒரு டெய்லரைப் பற்றிச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. அவருக்கு அப்போது 34 வயது. நூல் கோக்கும்போது ஊசிக்காது இரண்டாகத் தெரிகிறது என்று வந்தார். அதற்குள் இரண்டு முறை கண்ணாடி மாற்றியிருந்தார். கன்னத்தில் பஞ்சால் தொட்டால் வலது பக்கம் தெரியவில்லை. எம்.ஆர்.ஐ. எடுக்கப் பெரிய ஊருக்குப் பஸ் ஏற வேண்டிய காலம். எடுத்து வந்த படத்தில், பிரெயின்ஸ்டெமின் நடுப்பகுதியான பான்ஸுக்குள் சோளப்பொரி மாதிரி ஒன்று, சுற்றிலும் கறுப்பு வளையம். ஆஞ்சியோகிராமில் எதுவும் இல்லை. இருக்காது. கேவர்னோமா என்பது இரத்தக்குழாய்களின் கொத்து. அதில் இரத்தம் பாய்வதில்லை, குட்டை குட்டையாகத் தேங்கி மெல்ல நகர்கிறது. எம்.ஆர்.ஐ. வருவதற்கு முன்னால் இப்படி வந்தவர்களில் எத்தனை பேருக்கு மல்டிபிள் ஸ்கிளிரோஸிஸ் என்று சீட்டு எழுதி அனுப்பினோமோ, தெரியவில்லை.

அதிலிருந்து இரத்தம் கசிந்ததுதான் தொல்லை. முதல் கசிவுக்குக் கத்தி எடுக்கவில்லை. பிரெயின்ஸ்டெம் கட்டைவிரல் பருமன். கண் அசைவது, விழுங்குவது, மூச்சு, விழிப்பு, கைகாலுக்குப் போகும் வழி எல்லாம் அதற்குள்தான். கேவர்னோமா ஆழத்தில் இருந்தால், அதை அடைய நல்ல மூளையைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும். அதனால் காத்திருந்தோம். கசிந்த இரத்தம் கரைந்து, பார்வையும் பெரும்பாலும் தேறி, அவர் கடைக்குத் திரும்பினார்.

எட்டு மாதத்தில் மறுபடி கசிந்தது. நடை தள்ளாடியது. இந்த முறை அது பின்பக்கமாகப் பிதுங்கி, நான்காம் வென்ட்ரிக்கிளின் தரைக்கே வந்திருந்தது. வாசலில் வந்து நிற்பவனை விரட்டலாம் என்று என் ஆசிரியர் சொல்வார். இன்று உன்னிடம் கணக்கு இருக்கிறது. 2016இல் லான்செட் நியூராலஜியில் பல ஊர் நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்ததில், கசிவோ நரம்புக்கோளாறோ காட்டிய பிரெயின்ஸ்டெம் கேவர்னோமா ஐந்தாண்டுக்குள் கசியும் வாய்ப்பு நூற்றுக்கு 31 என்றும், அப்படி எதுவும் காட்டாததற்கு 8 என்றும் வந்தது. அன்று எங்களிடம் இருந்தது அனுபவமும் கொஞ்சம் பயமும்தான்.

மைக்ரோஸ்கோப்பில் அந்தத் தரையை நீ முதல்முறை பார்க்கும்போது பேச்சு வராது. தந்தம் மாதிரி வழுவழுப்பு. நடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் சின்ன மேடு. ஆறாம் நரம்பின் கருவைச் சுற்றி ஏழாம் நரம்பு வளைந்து போகும் இடம் அது. அங்கே கை வைத்தால் கண்ணும் முகமும் சேர்ந்து போகும். அதன் கீழே ஓரிடத்தில் மஞ்சளும் நீலமுமாகக் கன்றிப்போயிருந்தது. அங்கேதான் திறந்தேன், சில மில்லிமீட்டர். பழைய இரத்தம் புளிக்கரைசல் நிறத்தில் வடிந்தது. உள்ளே நாவல்பழக் கொத்தை நசுக்கி வைத்ததுபோல் கேவர்னோமா. அதைச் சுருக்கிச் சுருக்கி, துண்டு துண்டாக எடுக்க வேண்டும். பக்கத்தில் ஒரு தடித்த வெயின் இருந்தது. பார்க்க அதுவும் கோளாறு மாதிரிதான் இருக்கும், ஆனால் நல்ல மூளையின் வடிகால் அது. அதைத் தொடவில்லை. சுற்றியிருக்கும் மஞ்சள் கறையையும் இங்கே சுரண்டக்கூடாது.

முக்கால்வாசி வந்த பிறகு அனஸ்தீசியாக்காரர் குரல் கொடுத்தார்: "சார், பல்ஸ் 38." கையை எடுத்தேன். ஏறியது. மறுபடி மூலையைத் தொட்டேன், மறுபடி இறங்கியது. மூன்றாம் முறை தொடவில்லை. மூலையில் கருஞ்சிவப்பாகச் சின்னதாய் ஒன்று இருந்தது. கறை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மூடினேன்.

நிறுத்தியது தப்பில்லை. இன்றைக்கும் அதே இடத்தில் நிறுத்துவேன்.

வெளியே அவர் மனைவி ஃப்ளாஸ்க்கோடு நின்றிருந்தார். காலை ஏழு மணியிலிருந்து நிற்கிறார். "முழுசா எடுத்தாச்சும்மா" என்றேன். அந்த முகத்துக்கு வேறு எதுவும் சொல்ல வாய் வரவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அதையே எழுதினேன். வாயால் சொன்னது காற்றோடு போயிருக்கும், எழுதியது போகவில்லை.

பதினான்கு மாதம் கழித்து ஸ்ட்ரெச்சரில் வந்தார். விக்கல் நிற்கவில்லை, தண்ணீர் குடித்தால் புரை ஏறியது, வலது கண் மூடவில்லை. மிச்சம் விட்டதுதான் கசிந்திருந்தது. விட்ட மிச்சம் கசியும் என்பது எனக்குத் தெரியாததல்ல. அவர் மனைவியிடம், அன்றைக்கே எனக்குச் சந்தேகம் இருந்தது என்று சொன்னேன். அவர் அழவில்லை, கத்தவுமில்லை.

"அன்னிக்கே சொல்லியிருந்தா, தலைவலி வந்தப்ப ஒரு வாரம் வீட்டுல வச்சிருக்க மாட்டோமே சார். உள்ளூர் டாக்டர் நீங்க எழுதினதைப் படிச்சுட்டு, முழுசா எடுத்தாச்சுல்ல, இது வேறன்னு மாத்திரை குடுத்தாரு."

எனக்கு மூத்தவர் ஒருவர் இரண்டாவது ஆபரேஷன் செய்தார். நான் அசிஸ்ட் செய்தேன். அதற்கு முன்தினம் அவர் அந்த அம்மாவை உட்கார வைத்து, முக்கால் மணி நேரம் பேசினார். எடுத்த பிறகு இப்போது இருப்பதைவிட மோசமாகத்தான் கண் விழிப்பார், தொண்டையில் ஓட்டை போட்டு டியூப் வைக்க வேண்டி வரலாம், மூக்கு வழியாகக் கஞ்சி ஊற்ற வேண்டி வரலாம், கொஞ்சம் தேறும், கொஞ்சம் தேறாமலும் போகலாம் என்றார். மிரட்டலாகத் தோன்றும், இல்லை. ஃபீனிக்ஸில் ஸ்பெட்ஸ்லரின் குழு 2011இல் 300 பேரின் கணக்கை வெளியிட்டது. இந்த வேலையில் உலகத்திலேயே கை தேர்ந்தவர்களில் ஒருவர் அவர். அவர் கையிலேயே, 260 பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஆபரேஷன் முடிந்ததும் புதிதாகவோ கூடுதலாகவோ ஏதாவது ஒரு குறை வந்தது. 36 சதவீதம் பேருக்குப் புதுக்குறை நிலைத்துவிட்டது. அப்படியும் அந்த ஆபரேஷனைச் செய்கிறோம், விட்டால் வரும் கசிவு அதைவிட மோசம் என்று தெரிந்தவர்களுக்கு.

டெய்லர் ஏழு வாரம் வார்டில் இருந்தார். தொண்டையில் வைத்த டியூப் வெளியே வந்தது. கண்ணுக்கு ராத்திரியில் களிம்பு போட்டு, பிளாஸ்டர் ஒட்டி மூடுவதை அவர் மனைவி நர்ஸைவிட நன்றாகச் செய்தார். அந்தப் பக்கம் கன்னத்தில் உணர்ச்சியும் இல்லை, இமையும் மூடாது என்றால் கருவிழி புண்ணாகிவிடும். வார்டில் இதை நீ கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள், கேஸ் ஷீட்டை நம்பாதே.

நடை வந்தது. முகம் முக்கால் வந்தது. பார்வை மட்டும் ஒன்றாகவில்லை. கண்ணாடியின் ஒரு பக்கம் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு தைக்கப் போய்விட்டார். ஒவ்வொரு பொங்கலுக்கும் வருவார். நான் ரிடையர் ஆன வருஷம் எனக்கு ஒரு அரைக்கைச் சட்டை தைத்துக் கொண்டுவந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை உற்றுப் பார்த்தார்.

"ரெண்டு பேரா தெரியுறீங்க சார். ஒரு சட்டைதான் கொண்டாந்திருக்கேன்."

தோள் கொஞ்சம் இறுக்கம். இன்னும் போடுகிறேன்.

தாத்தா