தேரடியில ஜாஸ் கேட்கலாம், வாங்க!

ஜாஸ் கேட்க நியூ ஆர்லியன்ஸ் போகணுமா பாஸ்? ராஜபாளையத்துல பஸ் ஏறுங்க. 12 கிலோமீட்டர்தான், ஸ்ரீவில்லிபுத்தூர். 11 நிலை கோபுரம் தெரிஞ்சதும் இறங்கிடுங்க. பால்கோவா அப்புறம்!

ஆடிப்பூரத் திருவிழாவுல ஆண்டாள் வீதியுலா வரும்போது, முன்னாடி போற நாதஸ்வர கோஷ்டியை ஒட்டியே நடங்க. ஜால்ரா தட்டுறவர் கை, எண்ணி வெச்ச மாதிரி நேரா போகும். தவில்காரரோ அந்த அடியில விழாம, கொஞ்சம் முந்தி, கொஞ்சம் பிந்தின்னு தட்டி உங்களைத் தவிக்க விடுவார்.

1899-ல வெளிவந்த 'மேப்பிள் லீஃப் ராக்'ல ஸ்காட் ஜாப்ளின் பியானோவுல காட்டினதும் இந்த வித்தைதான். இடது கை மார்ச்-பாஸ்ட் போகும். வலது கை அடிக்கு நடுவுல குதிக்கும். அதான் ராக்டைம். (நம்ம ராகத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை!) அடுத்து வந்த ஜாஸும் தெருவுலதான் வளர்ந்தது. நியூ ஆர்லியன்ஸ் சவ ஊர்வலத்துல, போறப்ப சோக மெட்டு. அடக்கம் முடிஞ்சு திரும்புறப்ப ஆட்டம்.

இந்த ஒத்துமை நம்ம பெருமைக்காகச் சொல்றதில்லை. அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன்காரர் சார்லி மரியானோ நாதஸ்வரமே கத்துக்கிட்டார். 1980-ல மும்பை ஜாஸ் விழாவுல ஜான் ஹேண்டியோட சேர்ந்து வாசிச்சார் நம்ம கத்ரி கோபால்நாத்.

இப்ப பல கோயில்கள்ல கரன்ட்ல ஓடுற மேள மெஷின் வந்தாச்சு. அது ஒரு அடிகூட தள்ளித் தட்டாது. அதனால, உலா நிக்கிற இடத்துல தவில்காரர்கிட்ட, "அண்ணே, அதை இன்னொரு தடவை"ன்னு கேளுங்க. விரல் கூட்டைக் கழட்டுறதுக்குள்ள கேட்டுடணும்!